தபசு காலத்தில் படித்த சீட்டாட்டம்

போக்கர் என்ற ஆட்டத்தின் முதல் பாடத்தை என் கணவர் எனக்கு மீன் சட்டியில் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

காலை ஒன்பது மணி இருக்கும். ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயடி. நான் அரிவாள்மணை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டியிலிருந்து இரண்டு மீனை எடுத்து என் முன்னால் போட்டார்.

“இத பாரு. ஒண்ணு சங்கரா, ஒண்ணு காணாங்கத்தை. ரெண்டும் ஒரே சைஸு. இதுக்குப் பேரு ஜதை.”

“சரி.”

“அதே சைஸுல மூணாவதா ஒண்ணு வந்தா இன்னா ஆவும்?”

“அப்பவும் கொழம்புக்குப் பத்தாது.”

அவர் சிரித்துவிட்டார். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. மேல்வரிசையில் ஓரப்பல் ஒன்று லேசாக உடைந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

பன்னிரண்டு நாள் புருஷன்

ஒன்றரை வருஷம் கழித்துப் பல்லைப் பார்க்கிற பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அவர் பெயர் சூசைராஜ். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். கல்யாணம் முடிந்த பதின்மூன்றாம் நாள் தந்தி வந்து கப்பலேறிப் போய்விட்டார். அந்தப் பன்னிரண்டு நாளில் பாதி விருந்துக்குப் போனது, மீதி விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட்டதில் போனது.

பிறகு கடிதங்கள். கடிதம் வந்தால் மாமனார்தான் பிரிப்பார். பெயர் மரியதாஸ். துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற விஞ்சு ஓட்டுகிறவர். விஞ்சு சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையால் கடிதத்தை அவர் வாசித்தால் தெருக்கோடி வரைக்கும் சேதி போய்விடும். எல்லோரையும் விசாரித்து முடித்த பிறகு, கடைசியில் ஒரு வரி வரும்: ‘பிலோமினாவும் சுகமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.’

பிலோமினா நான்தான். நான் சுகமாக இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு அழுகை வரும், அதைவிடக் கோபம் வரும். பதில் எழுதுவதும் மாமாதான். ‘நீயும் எதுனா சொல்லும்மா’ என்பார். மாமா, அத்தை, நாத்தனார் ஸ்டெல்லா மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னத்தைச் சொல்வது? ‘நானும் சுகம்னு போட்டுடுங்க மாமா’ என்பேன். வாயாடி என்று பிறந்த வீட்டில் பேர் எடுத்தவளுக்கு இப்படி ஒரு கேடு.

அப்படிப்பட்ட புருஷன் இரண்டு மாத விடுப்பில் வந்திறங்கினார். வந்தும் என்ன? வீட்டில் இரண்டே அறை. மாடியில் நான்கு சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பேசுவதற்கென்று ஒரு மூலை கிடையாது. அவரோ கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

கப்பலைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலரும். அங்கே கிரேக்க நாட்டுச் சமையல்காரர் ஒருவர் அவருக்குத் தோஸ்தாம். ஓய்வு நேரத்தில் உருளைக்கிழங்கு மூட்டை மேல் பலகை போட்டுப் போக்கர் ஆடுவார்களாம். ‘எனுக்கும் கத்துக் குடுங்களேன்’ என்று நான் கேட்டேன். சீட்டின் மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஏதாவது பேசுவாரே என்றுதான் கேட்டேன்.

பெட்டிக்குள் போன கட்டு

கேட்ட நேரம் சரியில்லை. அது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். அப்போது நாங்கள் தபசு காலம் என்போம். விபூதிப் புதன் அன்றே வீட்டுச் சீட்டுக்கட்டு அத்தையின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்துதான் வெளியே வரும். சீட்டு இல்லாவிட்டால் என்ன, காலண்டர் தாளைக் கிழித்துச் செய்துகொள்ளலாம் என்று இவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“காயிதத்துல செஞ்சாலும் சீட்டு சீட்டுதான்டா. வெச்சுடு கீழ” என்றார் அத்தை.

ஆனால் தபசு காலத்தில் கறி கிடையாது என்பதால் வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலை அவர் குழாயடிக்கு வந்து உட்கார்ந்தார். மீன் ஆய்கிற இடத்தில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். நாற்றத்துக்குப் பயந்து ஸ்டெல்லாவே அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டாள். ஒன்றரை வருஷமாக நான் தேடிய மூலை என் அரிவாள்மணைக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது.

மீனின் அளவுதான் சீட்டின் எண். மீனின் இனம்தான் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர். ஒரே அளவில் இரண்டு வந்தால் ஜதை. மூன்று வந்தால் ஜதைக்கு மேல். சின்னதிலிருந்து பெரியது வரை ஐந்தும் வரிசையாக வந்தால் அதற்கும் மேல். அளவு எப்படியிருந்தாலும் ஐந்தும் ஒரே இனமாக வந்துவிட்டால் இன்னும் மேல்.

“அப்ப நெத்திலி வாங்குற அன்னிக்கு எல்லாருமே ஜெயிச்சுடுவாங்களா?” என்று கேட்டேன். ஒரு கையில் நெத்திலியை வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “நெத்திலி ஆட்டத்துல இல்ல” என்று சொல்லிவிட்டார்.

ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். பிறகு கேட்க வேண்டும், அதாவது பந்தயம் கட்ட வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாமலும் தைரியமாகக் கேட்கலாம். மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் எல்லாம் நமக்குத்தான்.

“இது இன்னா அநியாயமா கீது?”

“அநியாயம் இல்ல. டூப்பு. அந்தக் கிரேக்கன் வெறும் கைய வெச்சுகினு சாமி கும்புடற மாதிரி மூஞ்ச வெச்சுப்பான்.”

அந்த மூஞ்சியை அவர் செய்து காட்டினார். சிரித்து சிரித்து எனக்குக் கை அறுபடப் பார்த்தது. நாற்பது நாளில் மீன் வாங்கிய நாளெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம். சீட்டைக் கண்ணால் பார்க்காமலே போக்கர் படித்தவள் இந்த ராயபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முந்நூத்தி நாலு வீடு

எங்கள் வீட்டுச் சீட்டுப் பைத்தியத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் ஆடுவது முந்நூத்தி நாலு. வேறு எந்த ஆட்டமும் அவர்களுக்கு ஆட்டமே இல்லை. அதில் எதிரெதிரே உட்கார்கிற இரண்டு பேர் பார்ட்னர். மாமாவும் ஸ்டெல்லாவும் ஒரு கட்சி, அத்தையும் நானும் ஒரு கட்சி. பார்ட்னர் கேட்டுவிட்டால் அவரை மீறிக் கேட்கக் கூடாது, கையில் இருப்பதை அவருக்குப் போட்டு ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லோருக்கும் பெரியவன். அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் அவர்களுக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும்.

அந்த ஆட்டத்துக்கு ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகள் தேவையில்லை. அதனால் இரண்டு முதல் ஆறு வரை உள்ள இருபது சீட்டையும் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்திருந்தார்கள். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம். பிரியாணி முடிந்து, பாய் விரித்து, முதல் போக்கர் ஆட்டம். அத்தை இங்கிலீஷ் ஆட்டம் தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதால் அவருடைய இடத்தில், எனக்கு எதிரே, இவர் உட்கார்ந்தார். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. வருஷத்துப் புளி வாங்கிக் கொட்டை எடுத்த சமயம், வீட்டில் முறம் முறமாகக் கிடந்தது. கொட்டைக்குக் காவல் அத்தை.

சீட்டைப் போட்டுக் கையில் எடுத்ததும் ஸ்டெல்லா மாமாவைக் காட்டிக் கத்தினாள். “நைனா கையில மூணு சின்ன சீட்டு!”

எப்படித் தெரிந்தது? டப்பாவில் தூங்கிய இருபதும் முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆடிய சீட்டெல்லாம் பல வருஷத்துக் கை அழுக்கில் பழுப்பேறிப் போயிருந்தது. யார் கையில் எத்தனை சில்லறைச் சீட்டு என்பது வாசலில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். கப்பலில் கற்ற டூப்பு வித்தை எல்லாம் அந்த இடத்தில் பணால்.

அன்றைக்கே இவர் திக்காக டீ போட்டு, துணியில் நனைத்துப் பிழிந்து, இருபது சீட்டின் முதுகிலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். மறுநாள் மொட்டைமாடிச் சுவர் மேல் வெயிலில் காயவைத்தோம், காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்து. அந்த மாடியில் அவரும் நானும் தனியாக ஒரு மணி நேரம் காவல் இருந்தோம். காக்காய் ஓட்டினோம். வேறு என்ன பேசினோம் என்று எழுதுவதற்கில்லை.

சுவரில் எழுதிய சட்டம்

டீ குடித்த சீட்டோடு ஆட்டம் சூடு பிடித்தது. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் பாய்தான். ஆனால் இரண்டு தொல்லை தீரவில்லை.

முதல் தொல்லை மாமா. ஜாக்கியை விடப் பெரியவன் உண்டு என்று அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

“ஜாக்கிக்கு மேல ராணியா? எந்த ஊரு நாயம்டா இது? இத்தினி வருசமா ஆடிகினு கீறேன்!”

“இந்த ஆட்டத்துல அப்டிதான் நைனா” என்பார் இவர்.

கடைசியில் ஸ்டெல்லா சாக்பீஸ் எடுத்துச் சுவரிலேயே எழுதினாள்: ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது. மாமா கையால் அதன் கீழே கையெழுத்தும் வாங்கினாள். போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்திலேயே மறந்துவிடுவார்.

இரண்டாவது தொல்லை நான். பாடம் எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் இவர் எதிரிலிருந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், நல்ல சீட்டைக்கூடக் கவிழ்த்துவிடுவேன். கை தானாகப் போய்விடும்.

“இதுல பார்ட்னரே கெடியாது பிலோமி. எதிர்ல குந்திகினு கீறவன் உனுக்கு எதிரி” என்று தலையில் அடித்துக்கொள்வார். சரி சரி என்பேன். அடுத்த தடவையும் அதையே செய்வேன்.

கப்பலா, கரையா?

அந்த வாரம் வீட்டில் இன்னொரு ஆட்டமும் நடந்துகொண்டிருந்தது. எண்ணூர் பக்கம் புதிதாக எழும்பிய ஆலை ஒன்றில் இவருக்கு ஃபிட்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை போய்ச் சேருகிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி கப்பல். போனால் இரண்டு வருஷம்.

மாமாவுக்குக் கப்பல்தான். “இன்னும் ஒரு தபா போய்ட்டு வந்தான்னா மாடிக்குக் கூரை போட்டுடலாம்.” அத்தைக்குக் கரைதான், ஆனால் மாமா பேசினால் அவர் பேச மாட்டார். இவர் இரண்டும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயம். கப்பல் என்றால் மலர்கிற முகத்தை நான் பார்த்தவள் அல்லவா?

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போகாதே என்றுதான். ஆனால் மாமாவுக்கு எதிரே நின்று அதைச் சொல்கிற தைரியம் அந்த வீட்டில் எனக்கு இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அதே பேச்சு. பாய் விரித்து ஆட்டம் தொடங்கிய பிறகும் அதே பேச்சு. ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

“சும்மா பேஜார் பண்ணிகினு! வாயால முடியலன்னா சீட்டால முடிங்க. இந்த ஆட்டத்த எடுக்குறவங்க சொல்றதுதான் முடிவு.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மாமாவுக்கு முன்னால் புளியங்கொட்டை குவிந்து கிடந்தது. அன்றைக்கு அவருக்கு நேரம் நன்றாக இருந்தது. “நா ரெடி” என்று தொடையைத் தட்டினார். மாமா ஒன்று சொல்லிவிட்டால் மாற மாட்டார், அது தெருவுக்கே தெரியும். இவரும் தலையாட்டினார். அத்தை ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

சீட்டு போட்டார்கள். எனக்கு இரண்டு ஒன்பது. மற்ற மூன்றைக் கொடுத்து மாற்றினேன். அதில் மூன்றாவது ஒன்பது வந்தது. மூணு ஒன்பது! வாரம் முழுக்க அவ்வளவு பெரிய கை யாருக்கும் வந்ததில்லை. ஜெயித்தால் நான் சொல்வதுதான் முடிவு.

ஸ்டெல்லா கவிழ்த்துவிட்டாள். இவர் பத்துக் கொட்டையைத் தள்ளினார். மாமா சீட்டைப் பார்த்து மீசையைத் தடவி, முன்னாலிருந்த குவியலையே நடுவில் தள்ளினார். அடுத்தது என் முறை.

எதிரே பார்த்தேன். இவர் சாமி கும்பிடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் கை தானாகப் போய் மூன்று ஒன்பதையும் கவிழ்த்துவிட்டது.

கவிழ்த்த பிறகுதான் செய்தது உறைத்தது. வாயில் வந்த சோற்றைத் துப்பிவிட்டேன். திருப்பி எடுக்க முடியாது, போட்டது போட்டதுதான். பாவி, உன் வாழ்க்கையை நீயே கவிழ்த்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. இனி மாமா ஜெயித்தால் கப்பல். இவர் ஜெயித்தால்? இவர் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இவர் தன்னிடமிருந்த கொட்டை அத்தனையையும் தள்ளினார். “காட்டு நைனா.”

மாமா சீட்டைப் பாயில் ஓங்கி அடித்தார். “ரெண்டு ஜாக்கி! மேல எவன்டா இருக்கான்?”

இவர் மெதுவாகத் திருப்பினார். இரண்டு ராணி.

“பின்ன இன்னா? நாந்தான்!” என்று மாமா குவியலை வாரப் போனார். ஸ்டெல்லா எழுந்து சுவரைக் காட்டினாள். ஆஸ், ராஜா, ராணி, அதற்குப் பிறகுதான் ஜாக்கி. கீழே மரியதாஸ் என்று அவர் கையெழுத்து.

மாமா சுவரைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். “கலீஜான ஆட்டம்” என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார். “சரி, ஜெயிச்சவன் சொல்லு. கப்பலா, கரையா?”

இவர் அந்தக் குவியலை இரண்டு கையாலும் அணைத்து, பாயின் குறுக்கே என் மடி வரைக்கும் தள்ளினார்.

“அவ சொல்லட்டும் நைனா. நா போனா ஒத்தையா கெடக்குறது அவதான்.”

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள், கடிதம் எழுதும்போது பார்ப்பது போலவே. நானும் சுகம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

“போவ வேணாம்” என்றேன். அது எனக்கே போதவில்லை. “எனுக்கு இவுரு இங்கியே இருக்கணும் மாமா. கூரை மெதுவா போட்டுக்கலாம்.” விஞ்சு ஓட்டுகிறவர் போலக் கத்தியே சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். “தோ பார்றா! இம்மாம் சத்தம் உள்ள வெச்சுகினா ஒன்றர வருசமா சுகம் சுகம்னு எழுதச் சொன்ன? மொதல்லியே சொல்லிக்கீலாமேம்மா!”

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே புளியங்கொட்டையைப் பொறுக்க ஆரம்பித்தார். அதற்குள் ஸ்டெல்லா நான் கவிழ்த்த சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஐயோ அண்ணி! மூணு ஒம்போது!”

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். இவர் அந்தச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நீயே ஜெயிச்சிருப்ப. இன்னாத்துக்குப் போட்ட?”

“நீங்கதான் எதிர்ல குந்திகினு இருந்தீங்களே” என்றேன்.

அவர் எல்லோருக்கும் எதிரிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை குனிந்த தலை நிமிராமல் கொட்டை பொறுக்கினார்.

திங்கட்கிழமை காலை ஒரு டிபன் கேரியரில் சோறும் சங்கரா மீன் குழம்பும் கட்டிக்கொண்டு அவர் எண்ணூருக்குப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கப்பல்காரனைக் கட்டியவளுக்குத்தான் தெரியும், சாயங்காலம் வீட்டுக்கு வருகிற புருஷன் என்றால் என்ன என்று.

அடுத்த ஞாயிறு பாய் விரித்ததும் அவர் கொட்டைக்குக் காவல் இருந்த அத்தையை எழுப்பி எனக்கு எதிரே உட்கார வைத்தார். தான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எதிர்ல குந்தினா நீ ஜெயிக்கமாட்ட” என்றார்.

அன்றைக்கு அவரிடம் இருந்த கடைசிக் கொட்டை வரைக்கும் நான் ஜெயித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் சீட்டை எட்டி எட்டிப் பார்த்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.